நிலக்கடலைக்குள் இருக்கும் எண்ணெய் யாருக்காக?

வீட்டில் நிலக்கடலை இருந்தால் ஒரு காயை எடுத்துக்கோங்க. வறுத்தது, அவித்தது வேண்டாம். காய்ந்த பச்சைக் கடலையாக இருக்கட்டும். ஓட்டை உடைத்து, மேல்தோலை நீக்கி, பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு பாதியின் நுனியில் சின்னதாக, கூர்மையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் முளைக்கரு. வேரும் தண்டும் இலையும் அதிலிருந்துதான் வரப்போகின்றன. மற்றபடி நாம் கொறிப்பது, சட்னி அரைப்பது, செக்கில் ஆட்டுவது எல்லாமே அந்தக் கருவுக்குத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

இப்போது ஒரு பாதிப் பருப்பை வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குங்க. வெளிச்சத்தில் பிடித்தால் தாள் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். எண்ணெய்க் கறை. நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி, அதாவது 45 முதல் 50 சதவீதம் வரை, எண்ணெய்தான். இன்னொரு கால் பங்கு புரதம்.

இந்த எண்ணெயை நாம் சமையலறைக் கணக்கில் பார்த்தே பழகிவிட்டோம். ஆனால் விதைக்கடலை வாங்குகிறவர்கள், சேமித்து வைக்கிறவர்கள் இதைச் செடியின் கணக்கிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. "காசு கொடுத்து வாங்கின விதை முளைக்கலையே" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் கெட்டுப்போன இந்த எண்ணெய்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலேயே ஒரு வருஷம் அது நடந்தது. அப்பா அவசரத்துக்கு ஒரு கடையில் உடைத்த பருப்பாகவே விதைக்கடலை வாங்கிவந்துவிட்டார். விதைத்துப் பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி இடம் காலி. மிச்சமிருந்த பருப்பில் ஒன்றைப் பாட்டி வாயில் போட்டுப் பார்த்து, "சிக்கு வாடை அடிக்குதுடா, இது எங்கேருந்து முளைக்கும்?" என்றார். (மருந்து கலக்காத பருப்பு அது. விதைநேர்த்தி செய்த விதையை யாரும் வாயில் வைத்துவிடாதீங்க.) அன்றைக்கு அதைப் பாட்டியின் அனுபவப் பேச்சாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் அவர் நாக்கு செய்தது ஒரு வேதியியல் சோதனை என்று புரிந்தது.

மாவாக வைக்காமல் எண்ணெயாக ஏன்?

நெல்லும் விதைதான், கடலையும் விதைதான். நெல் தன் கருவுக்கான உணவைப் பெரும்பாலும் மாவுச்சத்தாக வைக்கிறது. கடலை, எள், ஆமணக்கு, சூரியகாந்தி போன்றவை எண்ணெயாக வைக்கின்றன. ஒரு கிராம் மாவுச்சத்திலிருந்து சுமார் 4 கிலோ கலோரி கிடைக்கும். ஒரு கிராம் எண்ணெயிலிருந்து சுமார் 9. மூட்டை சின்னதாக இருக்க வேண்டும், வழிச்செலவுக்குக் காசும் நிறைய வேண்டும் என்றால் சில்லறையாகக் கட்டிக்கொண்டு போக மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

எண்ணெய், கொழுப்பு, மெழுகு, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வின் பொருள்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிவியல் வைத்திருக்கும் பொதுப்பெயர் லிப்பிடு. தண்ணீரோடு ஒட்டாத குடும்பம். நாம் எண்ணெய் என்று சொல்வது, கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று நீளமான கொழுப்பு அமில வால்கள் கோத்தது. இந்த வால்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டே இரண்டு பெயர் பின்னால் வரும், அங்கே சொல்கிறேன்.

எண்ணெயாகச் சேமிப்பதில் செடிக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அதே சர்க்கரையை மாவாக மாற்றுவதைவிட எண்ணெயாக மாற்ற அதிகச் சக்தி செலவாகும். அதோடு, எண்ணெய் காற்றுப் பட்டால் கெடும். மாவு அவ்வளவு சீக்கிரம் கெடாது. சரியாகக் காயவைத்த விதைநெல்லோடு ஒப்பிட்டால் விதைக்கடலை முளைப்புத்திறனைச் சீக்கிரமே இழந்துவிடுகிறது. உடைத்த பருப்பாக வைத்தால் இன்னும் வேகம்.

எண்ணெய் உள்ளே வரும் நாட்கள்

கடலைப்பூ பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குக் கீழே. பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகப் பருக்கும். இலையில் தயாராகும் சர்க்கரை தண்டு வழியாகவும் விழுது வழியாகவும் வந்து பருப்பில் சேர்கிறது. பருப்பின் செல்கள் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பு அமிலமாகவும், பிறகு எண்ணெயாகவும் மாற்றுகின்றன. பிஞ்சுக் கடலையைப் பிடுங்கிய கையோடு தின்றால் தித்திக்கும். முற்றிய கடலையில் அந்தத் தித்திப்பு குறைந்து எண்ணெய்ச் சுவை ஏறியிருக்கும். சர்க்கரை எண்ணெயாகிவிட்டது என்பதை உங்கள் நாக்கே சொல்லிவிடும்.

எண்ணெய் பருப்புக்குள் குளம் மாதிரித் தேங்கி நிற்பதில்லை. சுமார் ஒரு மைக்ரோமீட்டர் அகலம் உள்ள எண்ணற்ற துளிகளாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் மெல்லிய லிப்பிடு உறை. அந்த உறையில் ஓலியோசின் என்ற புரதம் ஆணி அடித்த மாதிரிக் குத்தி நிற்கிறது. துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் புரதத்தின் வேலை. பாதி எடை எண்ணெயாக இருந்தும் கடலைப் பருப்பு கையில் பிசுபிசுப்பதில்லை, பார்த்திருப்பீங்க. செக்கில் போட்டு நசுக்கினால்தான் துளிகள் உடைந்து ஒன்றுசேர்ந்து வழிகின்றன. விதையைப் பொறுத்தவரை துளியாக இருப்பது மிகவும் முக்கியம். முளைக்கும்போது நொதிகள் வேலை செய்வது துளியின் மேற்பரப்பில்தான். குளமாக இருந்தால் ஓரத்தில் மட்டும் வேலை நடக்கும். கோடிக்கணக்கான துளிகளாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இந்த நிரப்பும் வேலை நடக்கும் நாட்களில் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் என்ன ஆகும்? கடலைச் செடி முதலில் இலையை மடக்கிக்கொள்ளும். இலைத்துளைகளை மூடும். துளை மூடினால் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வராது, சர்க்கரை குறையும், பருப்புக்குப் போகும் பங்கும் குறையும். அறுவடையில் சுருங்கிய பருப்பாகவும் பொக்காகவும் நிற்பது அதுதான். இப்படி அரைகுறையாக முற்றிய பருப்பில், எண்ணெயாகக் கோக்கப்படாமல் தனியாக நிற்கும் கொழுப்பு அமிலங்கள் அதிகம். சேமிப்பில் முதலில் கெடுவது இவைதான். விதைக்கு எடுக்கும்போது சுருங்கிய பருப்பைப் பொறுக்கித் தள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கடைசி மாதத்து வறட்சிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மண் சூடாகி, காய் வாடும் நேரத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சாணம் பருப்புக்குள் புகுந்து அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. பூசணம் பிடித்த, நிறம் மாறிய கடலையை ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரும் கதையும் கொஞ்சம் விசித்திரமானது. வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து மேலே இலைக்குப் போகும். இலையிலிருந்து கீழே இறங்கி மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு வராது. காய் தன் ஓட்டின் வழியாகத் தானே மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை, இறவைப் பயிரில் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், செடியின் அடியில் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். விழுது இறங்கும் இடத்திலேயே கால்சியம் தயாராக இருக்க வேண்டும். ஜிப்சத்தில் இருக்கும் கந்தகமும் எண்ணெய் வித்துப் பயிருக்குத் தேவையான சத்துதான். கால்சியம் கிடைக்காத பருப்பு பார்க்க நன்றாக இருந்தாலும் அதன் குருத்து கறுத்துப்போய், முளைப்பு குறைந்துவிடும்.

முற்றியதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஓட்டின் உள்பக்கம் கறுத்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் எண்ணெய் ஏறும் வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

எண்ணெய் சர்க்கரையாக மாறுகிறது

இப்போது விதையை ஈர மண்ணில் போட்டுவிட்டோம். உள்ளே இருட்டு. இலை இல்லை, வெயில் இல்லை, சமையல் இல்லை. கட்டுச்சோற்றைப் பிரிக்க வேண்டியதுதான்.

விதை தண்ணீரைக் குடித்துப் பருத்ததும் லைபேஸ் என்ற நொதி எண்ணெய்த் துளியில் உட்கார்ந்து, கிளிசராலையும் கொழுப்பு அமிலத்தையும் பிரிக்கிறது. பிரிந்த வால்கள் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, கடைசியில் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரைதான் வேர் நுனிக்கும் குருத்துக்கும் போய்ச் சேருகிறது. எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் அதை அப்படியே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்ப முடியாது. சர்க்கரையாக மாற்றினால்தான் அனுப்பலாம்.

கொழுப்பு அமிலத்தைச் சர்க்கரையாக மாற்றும் இந்த வித்தை நம் உடம்புக்குத் தெரியாது. செடிக்குத் தெரியும். இதற்கான வேதிச் சுழற்சியை 1957-இல் ஹான்ஸ் கார்ன்பெர்க், ஹான்ஸ் கிரெப்ஸ் இருவரும் விவரித்தார்கள். அந்த வேலை செல்லுக்குள் எந்த அறையில் நடக்கிறது என்பதை 1967-இல் பிரைடன்பாக், ஹாரி பீவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட விதை எது தெரியுமா? நம்ம ஊர் வரப்பில் நிற்கும் ஆமணக்கு.

தேங்காய்ப்பூ சாப்பிட்டிருப்பீங்க. முளைவிட்ட தேங்காய்க்குள் பஞ்சு மாதிரி வளர்ந்து, சாலையோரத்தில் வெட்டி விற்பார்களே, அது. தென்னங்கன்றின் உறிஞ்சும் உறுப்பு அது. பருப்பின் எண்ணெயைக் கரைத்து இழுத்துக்கொள்ளத்தான் அது உள்ளே வளர்கிறது. அதன் தித்திப்பில் இளநீரில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் உண்டு, சேமிப்பிலிருந்து பிரிந்து வந்ததும் உண்டு. தேங்காய்ப்பூ பெரிதாகப் பெரிதாகச் சுற்றியிருக்கும் பருப்பு மெலிந்துகொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள்.

கடலையில் இந்தக் கட்டுச்சோறு முளைத்த முதல் சில நாட்களுக்குத்தான். அதற்குள் குருத்து மண்ணைத் தள்ளி மேலே வந்து இலை விரித்துவிட வேண்டும். எண்ணெய் குறைவான, கெட்டுப்போன விதை முளைவிட்டாலும் பாதி வழியில் நின்றுவிடும். ஆழமாக விழுந்த விதைக்கும் இதே கதிதான். வழி நீளம், சோறு பற்றவில்லை.

இதே மாற்றம் தப்பான நேரத்தில் நடந்தால் விவசாயிக்கு நஷ்டம். நம்ம ஊரில் அதிகம் போடும் கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. முற்றிய காய் மண்ணில் இருக்கும்போது மழை பெய்து, அறுவடை தள்ளிப்போனால், காய் செடியிலேயே முளைத்துவிடும். முளைத்த கடலையில் எண்ணெய் செலவாகத் தொடங்கிவிட்டது. விதைக்கும் ஆகாது, செக்குக்கும் ஆகாது.

வெயிலிலும் புழுக்கடியிலும் லிப்பிடு

விதையை விட்டுவிட்டு இலைக்குக் கொஞ்சம் போய்வருவோம். அங்கே லிப்பிடின் முதல் வேலை சேமிப்பு கிடையாது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி நிற்கும் சவ்வாக இருப்பது. இந்தச் சவ்வு ரொம்பக் கெட்டியாகவும் ஆகக்கூடாது, ரொம்ப இளகவும் கூடாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துபோகும், பக்கத்திலேயே கடலை எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கும். கடலை எண்ணெயின் கொழுப்பு அமில வால்கள் பல, நடுவில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் வளைந்திருக்கின்றன. நெருக்கி அடுக்க முடியாது, அதனால் சட்டென்று உறையாது. செடிகள் குளிர் வரும்போது தங்கள் சவ்வில் இப்படி வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்கின்றன. வெப்பம் ஏறும்போது குறைக்கின்றன.

வறட்சி வந்தால் இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலத்தைச் செடிகள் தடிப்பாக்கும். மழைத்துளி இலையில் முத்து முத்தாக உருள்வது அந்த மெழுகினால்தான். வறட்சியிலும் கடும் வெப்பத்திலும் சவ்வுகள் சிதையும்போது விடுபடும் கொழுப்பு அமிலங்கள் அப்படியே கிடந்தால் செல்லுக்கு நஞ்சு. அவற்றைத் திரட்டி எண்ணெய்த் துளிகளாக்கி ஓரமாக வைத்துக்கொள்வதைப் பல செடிகளின் இலைகளில் பார்த்திருக்கிறார்கள்.

புழு இலையைக் கடித்தாலும் செய்தி சொல்வது லிப்பிடுதான். சவ்விலிருந்து பிரியும் ஒரு கொழுப்பு அமிலத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகி, கடிபடாத இலைகளையும் உஷார்ப்படுத்துகிறது. பெயரைப் பார்த்ததும் மல்லிகை ஞாபகம் வருகிறதா? சரியான ஊகம். இதன் நெருங்கிய உறவான ஒரு வாசனைப் பொருளை 1962-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது சாதிமல்லி எண்ணெயிலிருந்து. புல் வெட்டும்போது எழும் பச்சை வாசனைகூட உடைந்த சவ்வுக் கொழுப்பிலிருந்து வருவதுதான்.

சிக்கு வாடை எங்கிருந்து வருகிறது

இனி பாட்டியின் பேச்சுக்குத் திரும்புவோம். கடலை எண்ணெயில் அதிகமாக இருப்பவை ஒலியிக், லினோலியிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். முதலாவதில் ஒரு இரட்டைப் பிணைப்பு, இரண்டாவதில் இரண்டு. ஆக்சிஜன் தாக்குவது இந்தப் பிணைப்புகளை ஒட்டிய இடத்தைத்தான். அதனால் லினோலியிக் அமிலம் பல மடங்கு வேகமாகக் கெடும். கெட்டு உடையும்போது வெளிவரும் சின்னத் துண்டுகளின் வாசனைதான் சிக்கு வாடை. (ஒலியிக் அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும் கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் 2020-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவற்றின் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது.)

வாடை அடித்தால் எண்ணெய் மட்டும்தான் கெட்டது என்று நினைத்துவிடக்கூடாது. கருவின் செல் சவ்வும் இதே குடும்பத்துக் கொழுப்பால் ஆனது. அதுவும் கூடவே ஓட்டையாகிறது. அப்படிப்பட்ட விதையைத் தண்ணீரில் ஊறவைத்தால், உள்ளே இருக்க வேண்டிய சர்க்கரையும் உப்பும் வெளியே கசியும். ஆய்வகத்தில் ஊறவைத்த நீரின் மின்கடத்தும் திறனை அளந்தே விதையின் வீரியத்தைக் கணிக்கிறார்கள். மண்ணில் அந்தக் கசிவைத் தேடிப் பூஞ்சாணம் வரும், விதை அழுகும்.

கெடுதலை வேகப்படுத்துபவை ஈரமும் சூடும். விதையின் ஈரப்பதத்தில் 1 சதவீதம் குறைத்தால் சேமிப்பு ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பநிலையில் 5 டிகிரி குறைத்தாலும் அப்படியே என்று விதை அறிவியலில் ஹாரிங்டன் விதி என்ற ஒரு கணக்கு இருக்கிறது. தோராயக் கணக்குதான், ஆனால் நல்ல கணக்கு.

சான்று விதைக்கான தரத்தில் நெல்லுக்கு 13 சதவீத ஈரப்பதம் வரை அனுமதி. நிலக்கடலைக்கு 9 சதவீதம்தான். ஏன் இந்தப் பாரபட்சம்? எண்ணெயில் தண்ணீர் சேராது. பருப்பில் பாதி எண்ணெய் என்றால், இருக்கிற ஈரம் முழுவதும் மறுபாதிக்குள்ளேயே அடைந்துகிடக்கும். கருவியில் 9 என்று காட்டினாலும் அந்த மறுபாதிக்கு அது 16 சதவீதம் மாதிரி. நெல் காய்ந்த பக்குவத்தை வைத்துக் கடலையை மூட்டை கட்டினால் ஏமாந்துபோவோம்.

அதற்காக உச்சி வெயிலில் சிமெண்ட் தரையில் பரப்பி வறுத்துவிடவும் கூடாது. காலை, மாலை வெயிலில் கிளறிவிட்டுக் காயவைக்கலாம். கையில் எடுத்துக் குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கலகலக்க வேண்டும். பிறகு காயாகவே சேமியுங்கள். ஓடும், பருப்பின் சிவப்புத் தோலும் காற்றிலிருந்து எண்ணெயைக் காக்கும் இரண்டு சுவர்கள். எங்கள் பாட்டி விதைக்கு முந்தைய சில நாட்களில்தான் உட்கார்ந்து கையால் உடைப்பார். தோல் உரிந்த பருப்பைத் தனியாக எடுத்துவிடுவார், அது குழம்புக்கு. அப்பா வாங்கிவந்த உடைத்த பருப்பு எத்தனை நாள் காற்றுப்பட்டுக் கிடந்ததோ.

விதைக்கும் முன் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டியவை

விதைச்சான்று மற்றும் உயிர்மச் சான்றளிப்புத் துறையின் கீழ் மாவட்டங்களில் விதைப் பரிசோதனை நிலையங்கள் இயங்குகின்றன. வியாபாரிகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். விவசாயி தன் சொந்த விதையையும் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். புறத்தூய்மை, ஈரப்பதம், முளைப்புத்திறன், பிற ரகக் கலப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தருவார்கள். ரகத்தின் பெயர், எப்போது அறுவடை செய்தது என்ற விவரத்தோடு மாதிரியைக் கொடுங்கள். மூட்டையின் மேலிருந்து மட்டும் அள்ளாமல் மேல், நடு, அடி எல்லா இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து கொடுத்தால்தான் முடிவு உண்மையாக இருக்கும். முளைப்புச் சோதனைக்கு மட்டுமே நிலக்கடலைக்கு 10 நாள் ஆகும். அதனால் பட்டத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். விதைப்புக்கு முந்தின நாள் ஓடினால் யாராலும் உதவ முடியாது.

போக முடியவில்லையா? வீட்டிலேயே 100 பருப்பைப் பொறுக்காமல் எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பத்தாம் நாள் பிரித்து, வேரும் குருத்தும் நல்லபடியாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம். 70-க்குக் கீழே வந்தால் அந்த விதையைச் செக்குக்கு அனுப்புவதா, வேறு விதை வாங்குவதா என்று முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கும். 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டிய நிலத்தில் பாதிதான் வந்தால், களையெடுப்பும் மருந்தும் உழவும் முழுச் செலவு, விளைச்சல் மட்டும் பாதி.

வாங்குவதாக இருந்தால் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். விதை இருப்பு விவரத்தை உழவன் செயலியிலும் பார்க்கலாம். சந்தேகத்துக்கு 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் இருக்கிறது. பையில் சான்று விதைக்கு நீல நிற அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை நிற அட்டை இருக்கும். அதில் சோதனைத் தேதியும் காலாவதித் தேதியும் முளைப்பு சதவீதமும் அச்சிட்டிருப்பார்கள். நிறத்தைப் பார்க்கிற பலர் தேதியைப் பார்ப்பதில்லை. எண்ணெய் வித்தில் தேதிதான் முக்கியம்.

இவ்வளவு பார்த்தும் விதை முளைக்காமல் போனால் சும்மா இருந்துவிட வேண்டாம். விதையின் தரக்குறைவால்தான் பயிர் பொய்த்தது என்று விவசாயி எழுத்துமூலம் புகார் கொடுத்தால், விதை ஆய்வாளர் அட்டையையும் பையையும் மிச்ச விதையின் மாதிரியையும் கைப்பற்றி விசாரிக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டு விதை விதிகளின் 23-ஏ பிரிவு சொல்கிறது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான்.

எங்கள் அப்பாவிடம் ரசீது இல்லை. பையை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பருப்பையும் பாட்டி கோபத்தில் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். அந்த வருஷம் வெற்றிடங்களில் உளுந்து ஊன்றினோம். நீங்கள் ரசீது, பை, அட்டை மூன்றையும், கூடவே இரண்டு கைப்பிடி விதையையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, அறுவடை முடிகிறவரை வீட்டில் வைத்திருங்கள். மருந்து கலந்த விதை என்றால் டப்பாவின் மேல் பெரிதாக எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.